காசில்லாத பாலியல் நோய்ச் சோதனை: போகலாமா?

மட்டக்களப்புப் பக்கம் இருக்கிற அரச பாலியல் நோய் கிளினிக் ஒன்றுக்குப் போய் வந்தேன். தயங்காமல் போகலாம். டொக்டர் கடிதம் கேட்கவில்லை, பேருக்குப் பதிலாக இலக்கம் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், அதிலேயே பாதிப் பயம் போய்விட்டது. எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் இரத்தம் எடுத்தார்கள், ஒரு சதம் செலவில்லை. இதற்கே தனியார் லேப் ஒன்றில் சொன்ன விலைக்கு ஒரு கிழமை மீன் வாங்கலாம். குறை என்றால், காத்திருக்கிற வாங்கு வாசலைப் பார்த்தபடி கிடக்கிறது, நம்ம ஊரில் தெரிந்த முகம் வராமல் இருக்குமா?

"எல்லாருக்கும் இந்தச் சோதனையைச் செய்தால் என்ன மிஸ்?" என்று அங்கிருந்த தாதியிடம் கேட்டேன். நோய் குறைவான இடத்தில் ஊரையே சோதித்தால் ஒருவரைக் கண்டுபிடிக்கவே செலவு எக்கச்சக்கமாக ஏறும், வருகிற பொசிட்டிவ்விலும் பிழையானவை கூடும் என்றார். கர்ப்பிணிகள் விஷயம் வேறு. சிபிலிசை நேரத்தோடு கண்டால் மலிவான பென்சிலின் ஊசி பிள்ளையையும் காப்பாற்றும், அதனால்தான் அவர்களுக்கு வழமையாகவே சோதனை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்று தந்ததும் இதனால்தான்.

அப்புறம், நேற்று நடந்ததை இன்றைய இரத்தம் காட்டாது. திரும்ப வரச் சொன்னால் போங்கள்.