6 வாட்டா, 35 வாட்டா: வீட்டு மேசைக்கு எந்தப் பிராசசர்?

பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், ஒரு கணக்குத் தாள், நடுவில் யூடியூப். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்குப் போட்டியில் நிற்பவை மூன்று: இன்டெல் என்100, ராஸ்ப்பெரி பை 5 (பிராசசர் பதித்தே வரும் குட்டி ஒற்றைப் போர்டு கம்ப்யூட்டர்), அப்புறம் ஆபீஸ்கள் கழித்துவிட்டு செகண்ட் ஹேண்டில் வரும் குட்டிப் பெட்டிகளில் இருக்கும் இன்டெல் ஐ5-6500டி.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். என்100க்கு 6, 6500டிக்கு 35 என்று போட்டிருக்கும். அது சூட்டைத் தணிக்க வடிவமைப்பவர்களுக்கான எண். உங்கள் மீட்டர் ஓடும் கணக்கு இல்லை. மினி பிசி விற்பவர்கள் பலர் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளில்) என்100இன் வாட் வரம்பை 6க்கு மேல் ஏற்றித்தான் தருகிறார்கள். 35 வாட் பிராசசரும் வேலை இல்லாதபோது அடங்கித்தான் கிடக்கும். சராசரியாக 10 வாட் வித்தியாசம் என்றே வையுங்கள். தினம் 8 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 29 யூனிட். இதற்காகவா இத்தனை விவாதம்?

உண்மையான வித்தியாசம் வீடியோவில் இருக்கிறது. யூடியூப் இப்போது பெரும்பாலும் வீடியோவைச் சுருக்கி, விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் அனுப்புகிறது. 2023இல் வந்த என்100 இரண்டையும் சிப்புக்குள்ளேயே பிரித்துவிடும். 4கே ஓடினாலும், மற்ற வேலைகளைச் செய்யும் கோர்களுக்குச் சுமை இல்லை. 2015இல் வந்த 6500டிக்கு ஏவி1 தெரியாது. பை 5இல் ஹெச்இவிசி என்ற வடிவத்துக்கு மட்டும்தான் வன்பொருள் உதவி. பை 4இல் ஹெச்.264 வடிவத்துக்கு இருந்த உதவியைக்கூட எடுத்துவிட்டார்கள்! மற்றதையெல்லாம் நான்கு கோர்டெக்ஸ் ஏ76 கோர்களே இழுக்க வேண்டும். 1080பி சமாளிக்கும், 4கே கேட்காதீர்கள்.

வேகத்தில் என்100ம் 6500டியும் ஏறத்தாழ ஒரே தட்டு: இரண்டிலும் நான்கே கோர்கள். ரேமுக்குப் போகும் பாதை (சேனல்) பழையதில் இரண்டு, என்100இல் ஒன்று. ஆனால் 6500டியை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடத் தயார் என்றால் சரி, நல்ல பேரம்தான்.

பை 5 போர்டு மட்டும் வாங்கினால் போதாது. 27 வாட் அடாப்டர், கூலர், பெட்டி, எஸ்எஸ்டிக்குத் தனி அட்டை என்று பில் நீளும். அதன் 40 பின்களில் சென்சார் மாட்டி விளையாடுபவருக்கு அது தங்கம். ஆபீஸ் கோப்பு திறப்பவருக்கு வீண்செலவு.

என் ஓட்டு என்100க்கு, 16 ஜிபி ரேமோடு. விலைப் பட்டியலில் எஸ்எஸ்டி இருக்கவேண்டிய இடத்தில் இஎம்எம்சி (எஸ்எஸ்டியை விட மெதுவான சேமிப்புச் சிப்) என்று இருந்தால், அடுத்த கடையைப் பாருங்கள்.