மார்பகக் கட்டிக்கு ஸ்கேன்: நான் சென்ற மையம் குறித்து

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டதால், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் மதுரையில் உள்ள ஒரு தனியார் ஸ்கேன் மையத்திற்கு என் அக்காவுடன் சென்றிருந்தேன். எனக்கு வயது 43 என்பதால் முதலில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), பிறகு அல்ட்ராசவுண்ட் என்று இரண்டையும் ஒரே காலையில் முடித்தார்கள். 30 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில்தான் தொடங்குவார்களாம்.

பவுடர் பூசி வரக்கூடாது என்பதை முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும். அதன் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலத் தெரியக்கூடும் என்று சொல்லி, ஈரத்துணியைக் கொடுத்துத் துடைக்கச் செய்தார் படம் எடுத்த பெண். பக்கத்திற்கு இரண்டாக நான்கு படங்கள். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் தட்டுகள் மார்பை அழுத்துவது சில நொடிகளே என்றாலும் வலிக்கத்தான் செய்தது.

இந்த மையத்தின் சிறப்பு அங்குள்ள கதிரியக்க மருத்துவர்தான். மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் அதுவும் கட்டியும் மேமோகிராமில் வெள்ளையாகவே தெரிவதால் ஒன்றை மற்றது மறைத்துவிடும் என்று விளக்கி, அல்ட்ராசவுண்ட் திரையில் விளிம்பு மழமழவென்றிருந்த கரிய வட்டத்தையும் அதன் பின்னே விழுந்த வெளிச்சத்தையும் காட்டி, "இது வெறும் நீர்க்கட்டிம்மா" என்றார். அறிக்கையில் பைராட்ஸ் 2, அதாவது புற்றுநோய் அல்லாதது என்ற வகை, தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது.

உடை மாற்றும் இடத்திற்குக் கதவில்லை, திரைச்சீலை மட்டுமே. வரவேற்பறையில் பரிசோதனையின் பெயரையும் சேர்த்து உரக்க அழைப்பது அதைவிடக் கூச்சமாக இருந்தது.