பிஸ்டன் மாற்றியபின் பேலன்ஸிங்: தராசு போதுமா, மெஷின் வேண்டுமா?

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள். மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகு இன்ஜின்களைப் பிரிப்பது அப்போதுதான். பிஸ்டன் செட் மாற்றும் படகுக்காரர்கள் கேட்பது இதுதான்: எடை பார்த்துப் பூட்டினால் போதுமா, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) மதுரைக்கு அனுப்பி மெஷினில் பேலன்ஸ் போட வேண்டுமா?

ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜினுக்கு நான் தராசைத்தான் முதலில் சொல்வேன். அதில் ஆறு பிஸ்டனும் ஒன்றின் விசையை மற்றொன்று ஈடுகட்டும்படி அமைந்திருக்கின்றன. புது செட் பழையதைவிட 20 கிராம் கூடினாலும், ஆறும் ஒரே எடை என்றால் பேலன்ஸ் கெடாது. ஒன்று மட்டும் கூடினால்தான் உதறும். ஒற்றைப் பிஸ்டனை வேறு கம்பெனியில் வாங்கிப் போடுவது அதனால்தான் எனக்குப் பிடிக்காது.

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். ஃபேனை நிறுத்தி, கடற்காற்று வரும் கதவைச் சாத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எண் நிற்காது. பிஸ்டன், அதை ராடோடு இணைக்கும் பின், ரிங், லாக் எல்லாம் சேர்த்து எடை போட வேண்டும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையைத் தராசில் வைத்து, சின்ன முனையை நூலில் கட்டி மட்டமாகத் தொங்கவிட்டு ஒருமுறை. திருப்பி வைத்து ஒருமுறை. கனமான பிஸ்டனுக்குச் சின்ன முனை லேசான ராடைச் சேர்த்தாலே பாதி வித்தியாசம் போய்விடும். மீதியை பிஸ்டனில் பின் நுழையும் துளைக்குக் கீழே, உள்பக்கத் தடிப்பில் மட்டும் தேய்த்து எடுங்கள். தலையிலும் பக்கவாட்டிலும் கை வைக்கக் கூடாது.

கிராங்கின் குறையைத் தராசு காட்டாது. வெல்டிங் வைத்துக் கிரைண்டிங் செய்த கிராங்க், புது ஃப்ளைவீல் (கிராங்கின் முனையில் இருக்கும் கனமான சக்கரம்) என்றால் மெஷினுக்குச் செலவு செய்தே ஆக வேண்டும். கிராங்கைச் சுழற்றி, எந்த முனையில் எந்தக் கோணத்தில் எத்தனை கிராம் கூடுதல் என்று அது சொல்லிவிடும். ஃப்ளைவீலையும் புல்லியையும் சேர்த்தே கொண்டுபோங்கள். வி வடிவ இன்ஜின் என்றால் பிஸ்டன், ராடு எடைச் சீட்டும் வேண்டும், அந்தக் கணக்கில்தான் கிராங்கில் எடைக்கட்டி மாட்டுவார்கள்.

வேகமும் ஒரு கணக்கு. மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி 10 கிராம் கூடுதலாகச் சுழன்றால், நிமிடத்துக்கு 1,800 சுற்றில் சுமார் 2 கிலோ இழுப்பு. 6,000 சுற்றில் 24 கிலோ. படகு இன்ஜின் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், வேகமான கார் இன்ஜின் பொறுக்காது.

வள்ளத்து ஒற்றைச் சிலிண்டருக்கு வழி வேறு. ஈடுகட்ட இன்னொரு பிஸ்டன் இல்லை. பழைய பிஸ்டனின் எடைக்குத்தான் கிராங்கின் எதிர்எடை அமைந்திருக்கும். பழையதை இரும்புக்கடைக்குப் போடும் முன் எடை பார்த்து எழுதி வையுங்கள், புதியது அதற்குச் சரியாக வர வேண்டும்.

அப்புறம், உதறல் என்றதும் கிராங்கை இறக்க வேண்டாம். பாம்பனில் ஒரு படகு நியூட்ரலில் அமைதியாக ஓடியது, கியர் போட்டதும் பலகையெல்லாம் ஆடியது. பார்த்தால் புரொப்பல்லர் ஷாஃப்டை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங் நேர்கோட்டில் இல்லை. அரை நாளில் இன்ஜினை நேராக்கி, கிராங்கைத் தொடாமலே கடலுக்கு அனுப்பினோம்.