கோல்! இருங்க, இன்னும் இல்லை: விஏஆரோடு இத்தனை வருடம்

கால்பந்து பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்ட நண்பர் ஒருவர், "விஏஆர் வந்தப்புறம் ஆட்டம் எப்படி இருக்கு, மறுபடி பார்க்க ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். தாராளமாகப் பார்க்கலாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் விஏஆர் என்கிற இந்த வீடியோ உதவி நடுவரோடு, அதாவது களத்துக்கு வெளியே வீடியோவைப் பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் ஏற்பாட்டோடு, 2018 உலகக் கோப்பையிலிருந்து குடித்தனம் நடத்துகிறவனுக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் (தப்பான ஆளுக்கு அட்டை). இந்த நாலுக்கு மட்டும்தான், அதுவும் அப்பட்டமான தவறு நடந்தால்தான் என்று சொல்லித்தான் உள்ளே வந்தது. முடிவுகள் முன்பைவிடச் சரியாக இருக்கின்றனவா? இருக்கின்றன. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் எரிச்சல் வேறு இடத்தில்.

பந்து வலைக்குள் போகிறது. வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துகிறார். நான் பாதி எழுந்து நிற்கிறேன், கண் மட்டும் உதவி நடுவரின் கொடியைத் தேடுகிறது. கொடி ஏறவில்லை என்பதற்கும் இப்போது அர்த்தமில்லை. இழுபறியான ஆஃப்சைடு (பந்து தரப்படும் நொடியில் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நிற்பது) என்றால் ஆட்டம் ஒரு முடிவுக்கு வரும்வரை கொடியைத் தூக்காதே என்பதுதான் அவர்களுக்கு உத்தரவு. திரையின் மூலையில் 1-0 என்று மாறுகிறது. கோல் போட்டவர் சக வீரர்களின் கட்டிப்பிடிப்புக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி நடுவரைப் பார்க்கிறார். நடுவரின் விரல் காதில். அவ்வளவுதான், வீடே மௌனம். இரண்டு நிமிடம் கழித்து கோல் செல்லும் என்கிறார்கள். மறுபடி எழுந்து கத்த வருமா? ஜோக்கை விளக்கிச் சொன்ன பிறகு சிரிக்கிற மாதிரிதான் வருகிறது. ரத்தாகும் கோலைவிட, இப்படி ஊர்ஜிதமாகும் கோல்தான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது.

மைதானத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம். என்ன சரிபார்க்கிறார்கள் என்பதே அவருக்குக் கடைசியில்தான் தெரியும். 2023இல்தான் உலகப் போட்டிகளில் நடுவர் மைக்கில் முடிவை அறிவிக்கத் தொடங்கினார். இந்தச் சின்ன விஷயத்துக்கு அத்தனை வருடம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2019 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்காக ஸ்டெர்லிங் 90 நிமிடம் தாண்டிய கடைசி நேரத்தில் அடித்த கோலைப் பார்த்து அணியின் பயிற்சியாளர் குவார்டியோலா துள்ளி ஓடினார். கொஞ்ச நேரத்தில் அகுவேரோ ஆஃப்சைடு என்று கோல் ரத்து. டாட்டன்ஹாம் அரையிறுதிக்குப் போனது. முடிவு சரி. எந்தப் பக்கமும் சேராத எனக்கு அதைப் போல ஒரு நாடகம் அதற்கப்புறம் கிடைக்கவில்லை. விஏஆர் நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டத்தில் பார்க்க ரொம்ப நன்றாக இருக்கும்.

சரி, துல்லியம். ஆஃப்சைடுக்கு மில்லிமீட்டர் கணக்கில் கோடு போட்டுக் காட்டினார்களே, அதை எவ்வளவு நம்பலாம்? நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் 18 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். பந்து காலை விட்ட நொடி எந்தப் படம் என்று ஒருவர் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு, கால் நுனி தாண்டியது என்று தீர்ப்பு எழுதுவதை என்னவென்று சொல்வது? 2022 உலகக் கோப்பையில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகள், பந்துக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார் என்று இதைச் சீராக்கினார்கள். நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் இதன் ஒரு வடிவம் அறிமுகமான 2025 எஃப்ஏ கோப்பைச் சுற்றிலேயே, போர்ன்மத், வுல்வ்ஸ் ஆட்டத்தில் கூட்டமாக நின்ற வீரர்களுக்கு நடுவே அது திணற, பழையபடி கோடு போட்டு முடிவு சொல்ல ஏறக்குறைய 8 நிமிடம் ஆனது.

இதே விளையாட்டில் கோல்கோட்டுத் தொழில்நுட்பமும் இருக்கிறது. 2010இல் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்ததை உலகமே பார்த்தது, நடுவர் பார்க்கவில்லை. 2014 உலகக் கோப்பையில் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. பந்து தாண்டினால் ஒரு நொடிக்குள் நடுவரின் கடிகாரம் அதிரும், கதை முடிந்தது. 2020இல் ஆஸ்டன் வில்லா கீப்பர் பந்தோடு கோட்டுக்கு உள்ளே போனபோது கேமராக்களை ஆட்கள் மறைத்து ஒருமுறை ஏமாற்றியது. ஆனாலும் அதை எடுத்துவிடுங்கள் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. தாண்டியதா இல்லையா என்பதற்கு ஒரே பதில்தான். ஹேண்ட்பால் அப்படியா? 2018 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் குரோஷியாவின் பெரிசிச்சின் கையில் பட்ட பந்தை நடுவர் பிட்டானா திரையில் பார்த்துவிட்டுக் கிளம்பி, திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார். ஸ்லோமோஷனில் எந்தக் கையும் வேண்டுமென்றே நீட்டினது போலத்தான் தெரியும்.

இதெல்லாம் இருந்தும் மனிதத் தவறு போகவில்லை. 2023இல் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த நல்ல கோலை, களத்தில் ஆஃப்சைடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் என்பதே தெரியாமல், விஏஆர் அறையில் இருந்தவர்கள் "சரிபார்த்தாச்சு" என்று சொல்லி ஆட்டத்தை ஓடவிட்டார்கள்.

மரடோனா 1986இல் கையால் போட்ட கோல், அயர்லாந்தை வெளியேற்றிய பிரான்ஸின் ஆன்றியின் 2009 கை, இரண்டையும் இது பிடித்திருக்கும். அந்த நியாயம் பெரியது. 2024இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகள் 19-1 என்ற கணக்கில் விஏஆரைத் தக்கவைத்துக்கொண்டதும் அதனால்தான். ஸ்வீடன் கிளப்புகளோ உள்ளேயே விடவில்லை. நார்வேயில் ரசிகர்கள் மைதானத்துக்குள் மீன் கேக் வீசி ஒரு ஆட்டத்தையே நிறுத்தினார்கள். அங்கேயும் கடைசியில் வைத்துக்கொள்ளத்தான் முடிவானது.

துல்லியத்துக்கு ஐந்தில் நாலு தாராளமாகக் கொடுக்கலாம். மொத்த மதிப்பீடு: இரண்டு. அந்த 19-1இல் எனக்கு ஓட்டு இருந்திருந்தால் ஒன்றோடு சேர்ந்திருப்பேன். கோல்கோட்டுக் கடிகாரத்தை விட்டுவிட்டு மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும். என் அணியின் கடைசி நிமிட கோல் இந்த வாரம் ஒரு தோள்பட்டைக்காகப் போனதால்தான் இப்படி எழுதுகிறாயா என்றால், ஆமாம், அதுவும்தான். அடுத்த வாரம் எதிரணியின் கோல் இதே மாதிரி போனால் ஒரு நட்சத்திரம் கூட்டிப் போடுவேன்.