பான்டாக்கை ஏஜெண்ட் கையில் கொடுத்தபோது

பான்டாக், கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நிரல், எனக்குப் பழைய சிநேகிதம். வேர்டு கோப்பை மார்க்டவுன் (எளிய குறிகள் போட்ட வெற்று உரை) ஆக்குவது, அதிலிருந்து மின்னூலும் பிடிஎஃபும் எடுப்பது எல்லாம் பல வருடமாக அதில்தான். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் எழுத ஆரம்பித்தது. இலவசம், இன்றைக்கும் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. அதை நல்ல கருவி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில், தானே கட்டளை ஓட்டும் ஏஐ ஏஜெண்டிடம் இந்த வேலையைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும், பான்டாக்கின் கையேடு அதற்குப் போதுமா, அதுதான் கேள்வி. போதாது. ஏஜெண்டுக்கென்று தனியாக ஒரு பக்கம் நாமே எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. தமிழ்க் கட்டுரை ஒன்றைக் கொடுத்து பிடிஎஃப் போடு என்றேன். பிடிஎஃப் செய்ய பான்டாக் வழக்கமாகக் கூப்பிடும் நிரலான பிடிஎஃப்லேடெக் தமிழைப் பார்த்ததும் இந்த யூனிகோட் எழுத்து எனக்குத் தெரியாது என்று நின்றுவிட்டது, பான்டாக்கும் 43 என்ற பிழை எண்ணோடு வெளியே வந்து, வேண்டுமானால் அதே வேலையைச் செய்யும் சீலேடெக் என்ற இன்னொரு நிரலைப் போட்டுப் பார் என்று வழியும் சொன்னது. இப்படிப் பிழையோடு தீர்வையும் சொல்வது ஏஜெண்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி, உடனே பிடித்துக்கொண்டது. சீலேடெக் ஓடியது, பிழை எண் 0, அதாவது பிழையே இல்லை, "பிடிஎஃப் தயார்" என்று பதில் வந்தது. திறந்தால் வெள்ளைத் தாள். நடுநடுவே வருட எண்கள், ஒரு காற்புள்ளி, ஓரிரண்டு ஆங்கிலச் சொற்கள், அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்றால், எழுத்துரு எதையும் குறிப்பிடாததால் சீலேடெக் லத்தீன் எழுத்துருவையே எடுத்துக்கொண்டது. அதில் தமிழ் கிடையாது. இந்த எழுத்து எழுத்துருவில் இல்லை என்று பான்டாக் வரிவரியாக எச்சரித்திருக்கிறது, ஆனால் எச்சரிக்கை பிழை ஆகாது, அதனால் எண் 0. நாமாக இருந்தால் அந்த வரிகளைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்போம். ஏஜெண்ட் 0ஐப் பார்த்தது, கிளம்பிவிட்டது. அதைத் திட்டியும் பயனில்லை, வேலை முடிந்ததற்கு அடையாளம் எது என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லையே!

இதற்கு மருந்து பான்டாக்கிலேயே இருக்கிறது. எச்சரிக்கை வந்தாலே தோல்வியாகக் கொள் என்று கட்டளையோடு சேர்க்க ஒரு ஆப்ஷன், போட்டால் எச்சரிக்கை வந்ததும் 3 என்ற எண்ணோடு நின்றுவிடும். பிழை எண்களுக்கு ஒரு அட்டவணையும் உண்டு, 47 வந்தால் பிடிஎஃப் நிரலே கணினியில் இல்லை என்று அர்த்தம். எல்லாம் கையேட்டில் இருக்கிறது, ஆனால் அந்தக் கையேடு ஒரே பக்கமாக அனுமார் வால் மாதிரி நீள்கிறது. முழுவதையும் ஏஜெண்டுக்கு ஊட்டிப் பார்த்தேன், டோக்கன் (ஏஐ படிப்பதை அளக்கும் துண்டுக் கணக்கு) கரைந்ததுதான் மிச்சம். ஊட்டாமல் விட்டாலோ தன் ஞாபகத்திலிருந்து எழுதுகிறது, அந்த ஞாபகம் பழசு: பிடிஎஃப் எஞ்சினை, அதாவது பிடிஎஃப் செய்யும் நிரலைச் சொல்ல 2017க்கு முந்தைய ஆப்ஷனைப் போட்டு ஒருமுறை பான்டாக்கிடம் திட்டு வாங்கியது.

கடைசியில் டிஃபால்ட்ஸ் கோப்பு, அதாவது பான்டாக்குக்கான ஆப்ஷன்களை மொத்தமாக எழுதி வைக்கும் கோப்பு, ஒன்று போட்டேன். எஞ்சின் சீலேடெக், எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், எச்சரிக்கை என்றால் தோல்வி, எல்லாம் அதற்குள். ஏஜெண்டுக்கான அறிவுரைகளை எழுதி வைக்கும் ஏஜெண்ட்ஸ் மார்க்டவுன் கோப்பில், இந்த டிஃபால்ட்ஸ் கோப்பைத் தவிர வேறு ஆப்ஷன் எதையும் நீயாகச் சேர்க்காதே என்று ஒரே வரி. எப்படி ஓட்டுவது என்று விளக்குவதைவிட எதைத் தொடக்கூடாது என்று சொல்வதுதான் வேலைக்கு ஆகிறது. வரி மடிப்பையும் டிஃபால்ட்ஸ் கோப்பிலேயே அணைத்துவிட்டேன். மார்க்டவுன் எழுதும்போது பான்டாக் 72 எழுத்துக்கு ஒருமுறை வரியை மடிக்கும், ஒரு சொல்லைத் திருத்தினால் மொத்தப் பத்தியும் மாறியதாக, கோப்பின் மாற்றங்களைப் பதிந்து காட்டும் கிட் என்ற நிரல் காட்டும், எதைத் திருத்தினான் பாவி என்று தேடியே கண் போய்விடும்.

அப்புறம் பாமினி, யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துரு. பழைய வேர்டு கோப்புகளில் தமிழ் என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும், எழுத்துருவால்தான் அது தமிழாகத் தெரிகிறது. பான்டாக் எழுத்துருவைக் கழற்றிவிட்டு அந்த ஆங்கில எழுத்துகளை அப்படியே தந்துவிடும், எச்சரிக்கைகூட வராது. இது பான்டாக்கின் குற்றமில்லை, கோப்பில் இருப்பதுதானே வரும். ஆனால் என் ஏஜெண்ட் அதைக் குப்பை என்று நினைத்து இரண்டு பத்தியை அழித்தேவிட்டது. இப்போது, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டத்தைப் பார்த்தால் கை வைக்காதே, நிறுத்திவிட்டு என்னைக் கேள் என்று எழுதியிருக்கிறேன். கேட்கிறது. போன வாரம் ஒரே கோப்புக்கு மூன்று முறை கேட்டது.