கை வைப்பதற்கு முன் கற்றவை: ஓர் அழகுக்கலை, ஸ்பா பட்டயப் படிப்பின் மதிப்பீடு

அழகுக்கலையையும் ஸ்பா சிகிச்சைகளையும் ஒரே பாடத்திட்டத்தில் கற்றுத்தரும் முழுநேரப் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, இப்போது ஒரு ஸ்பாவில் தெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். பேஷியல், வேக்ஸிங், திரெட்டிங், மெனிக்யூர், பெடிக்யூர், உடல் மசாஜ், மின்கருவிச் சிகிச்சைகள், பார்லர் நிர்வாகம் என்று அந்தப் பாடத்திட்டம் நீளும். இத்தகைய படிப்பில் சேர நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, எத்தனை சிகிச்சைகளைச் சொல்லித்தருவார்கள் என்பதைத்தான். வேலைக்கு வந்த பிறகு என் எண்ணம் வேறாகிவிட்டது. யாருக்கு, எந்த நிலையில், எந்தச் சிகிச்சையைச் செய்யக்கூடாது என்பதை ஒரு பயிற்சி எவ்வளவு ஆழமாகச் சொல்லித்தருகிறதோ, அந்த அளவுக்கே அது நாம் செலவிடும் பணத்துக்கும் காலத்துக்கும் ஈடாகும். அந்த அளவுகோலில் நான் படித்த படிப்பு மிக நல்லது. சில பகுதிகளில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

தொடக்க வாரங்களில் எவர் முகத்திலும் கை வைக்க விடமாட்டார்கள். தோலின் அமைப்பு, தசைகள், ரத்த ஓட்டம், நிணநீர் ஓட்டம் ஆகியவை முதலில் வரும். மேல்தோலின் அடுக்குகளை வரைந்து காட்டி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் ஐந்தாவதாக ஓர் அடுக்கு இருப்பதேன் என்று விளக்கச் சொல்வார்கள். அடிப்புறத்தில் உருவாகும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும் என்பதும், வயது ஏற ஏற அந்தக் காலம் நீளும் என்பதும் அப்போது வெறும் தேர்வுப் பாடமாகத்தான் தோன்றின. ஆனால், "அடுத்த வாரமே இன்னொரு ஸ்க்ரப் செய்துவிடுங்கள்" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் ஏன் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்ல முடிவது அந்தப் பாடத்தால்தான்.

1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் வகுத்த தோல் வகைப்பாட்டுக்கும் போதிய நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வெயிலில் தோல் எளிதில் சிவந்து எரிகிறதா, அல்லது கருக்கிறதா என்பதை வைத்து ஆறு வகைகளாகப் பிரிக்கும் முறை அது. முதலில் வெளிர்நிறத் தோலை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டு, கருமை கூடிய தோல் வகைகள் பின்னர்தான் சேர்க்கப்பட்டன என்பதையும் எங்கள் ஆசிரியை சொன்னார். அதோடு அவர் நிற்கவில்லை. கருமையான தோலில் சிறு எரிச்சலோ சூட்டுக்காயமோ ஏற்பட்டால்கூட, அது ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கருந்திட்டு நிற்கக்கூடும் என்பதை விளக்கி, மேல்தோலை உரித்தெடுக்கும் பீலிங் கரைசலின் செறிவையும் வேக்ஸின் சூட்டையும் எப்படிக் குறைத்து வைப்பது என்று செய்தும் காட்டினார். எங்கள் பாடநூலில் இதற்கு ஒரு பத்திதான் இருந்தது; அவர் ஒரு முழு வகுப்பையே எடுத்துக்கொண்டார்.

இந்தப் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி கன்சல்டேஷன். சிகிச்சைக்கு முன் வாடிக்கையாளரிடம் பேசிப் படிவத்தை நிரப்பும் இந்த வேலையைப் பல இடங்களில் ஒரு சடங்காக முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கோ அது தனிப்பாடம், தனி மதிப்பெண். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவருக்கு வேக்ஸிங் செய்தால் முடியோடு மேல்தோலும் உரிந்து வரலாம் என்பதால், மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். காலில் ரத்த உறைவு இருப்பவருக்கு மசாஜ் கூடவே கூடாது. புடைத்த ரத்த நாளங்களின் (வெரிகோஸ் வெயின்) மேல் அழுத்தம் தரக்கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால், பெடிக்யூர் தொட்டியின் சூட்டை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நாமே சோதிக்க வேண்டும். படர்தாமரை, உதட்டில் வரும் அக்கி, கண் சிவப்பு ஆகியவற்றைக் கண்டால் சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டும். ஆனால் "இது இன்ன நோய்" என்று நாம் பெயர் சொல்லக்கூடாது, மருத்துவரிடம் அனுப்புவதோடு நம் எல்லை முடிகிறது.

இவற்றை மனப்பாடம் செய்வது எளிது. உண்மையான வாடிக்கையாளர் தாம் சாப்பிடும் மருந்தைத் தாமாகச் சொல்வதில்லை. முகக்கிரீமை மருந்தாகவே நினைப்பதில்லை. அவசரத்தில் இருப்பார், அல்லது கூச்சப்படுவார். அதற்காக மாணவிகளில் ஒருவர் எதையாவது மறைத்து வாடிக்கையாளராக நடிக்க, மற்றவர் அதைக் கேட்டறிய வேண்டிய பயிற்சியை வாரந்தோறும் வைத்தார்கள். ஒரே கேள்வியை மனம் நோகாமல் மூன்று விதமாகக் கேட்கவும், "இன்று இது வேண்டாம், இதற்குப் பதில் இதைச் செய்யலாம்" என்று மரியாதையாக மறுக்கவும் அங்கேதான் பழகினோம். இன்றைக்கும் என் வேலையில் நான் அதிகம் பயன்படுத்துவது இந்தத் திறமையைத்தான். இதைச் சொல்லித்தந்தவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சுகாதாரப் பாடத்திலும் அதே கண்டிப்பு இருந்தது. கழுவுதல், கிருமிநாசினியில் ஊறவைத்தல், முழுமையாகக் கிருமி நீக்குதல் என்ற மூன்றும் வேறுவேறு படிகள் என்பதைத் தொடக்கத்திலேயே பதிய வைத்தார்கள். உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், 134 டிகிரி என்றால் 3 நிமிடம். கருவியின் மேல் அழுக்கு ஒட்டியிருந்தால் இரண்டுமே வீண். பல பார்லர்களில் நீல ஒளியோடு நிற்கும் புற ஊதாப் பெட்டி, ஏற்கெனவே சுத்தமான கருவிகளை எடுத்துவைக்கத்தானே தவிர, அழுக்கானவற்றைச் சுத்தமாக்க உதவாது. வேக்ஸில் ஒருமுறை தோய்த்த ஸ்பாட்டுலா (வேக்ஸைத் தடவும் தட்டைக் குச்சி) மறுபடி அந்தப் பாத்திரத்துக்குள் போகக்கூடாது. 2000-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் ஒரே நகப் பார்லருக்குச் சென்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கால்களில் கட்டிகள் கிளம்பின. கால் தொட்டியின் நீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் சேர்ந்து கிடந்ததும், அங்கே மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமி பெருகியிருந்ததும் விசாரணையில் தெரியவந்தன. இந்தச் சம்பவத்தை விளக்கிய கையோடு, எங்கள் பயிற்சிக்கூடத்துத் தொட்டியின் வலையைக் கழற்றி எங்களையே சுத்தம் செய்ய வைத்தார்கள். அதன் பிறகு எந்த மாணவியும் அந்த வேலையைத் தட்டிக் கழித்து நான் பார்க்கவில்லை.

முடிச்சாயத்துக்கு 48 மணி நேரம் முன்பாக, சாயத்தைத் தோலில் சிறிது தடவி ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டும் என்பதும், பலமுறை ஒவ்வாமை இல்லாமல் போட்டவருக்கும் ஒருநாள் அது வரலாம் என்பதும் அங்கே விட்டுக்கொடுக்காத விதிகளாக இருந்தன.

மசாஜ் பற்றி என் கருத்து சற்றுக் கலவையானது. நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வு கொடுத்தல் என்ற ஸ்வீடிஷ் மசாஜின் ஐந்து அசைவுகளையும் பொறுமையாகக் கற்றுத்தந்தார்கள். மேசையின் உயரத்தை அவரவர் உயரத்துக்கேற்ப அமைப்பது, கட்டைவிரலை வருத்தாமல் உடல் எடையைச் சாய்த்து அழுத்தம் தருவது, முதுகை வளைக்காமல் காலை முன்பின் வைத்து நகர்வது ஆகியவற்றைத் திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். கட்டைவிரலும் மணிக்கட்டும் கெட்டு இத்தொழிலை விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். சிகிச்சை நடக்கும் பகுதியைத் தவிர மற்ற உடலைத் துணியால் மூடி வைப்பதும், தொடுவதற்கு முன் ஒப்புதல் கேட்பதும் அதே கவனத்தோடு கற்பிக்கப்பட்டன. குறை எதிலென்றால், பெரும்பாலும் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர்தான் பழகினோம். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, இளகிய தசை, நோயற்ற உடல். இறுகிய தோள்களும், மெலிந்த தோலும், குப்புறப் படுக்க முடியாத இடுப்பு வலியும் கொண்ட முதியவர்களை, வெளியாட்கள் வரும் பயிற்சி நாட்களில் மட்டுமே சந்தித்தோம். அந்த நாட்கள் மிகக் குறைவு. வேலைக்கு வந்ததும் எதிர்கொள்வது பெரும்பாலும் அத்தகைய உடல்களைத்தான் என்பதால், பாடத்திட்டத்தில் உடனே திருத்த வேண்டிய இடம் இதுவே என்று நினைக்கிறேன்.

மின்கருவிப் பாடம் இதைவிடப் பலவீனமானது. தோலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் கால்வானிக், ஹை பிரீக்வென்சி கருவிகள் ஒவ்வொன்றுதான் இருந்தன. ஆசிரியை செய்து காட்டுவதைச் சுற்றி நின்று பார்த்தோம், குறிப்பெடுத்தோம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று எழுத்துத் தேர்வில் சரியாக எழுதினாலும், கருவியைத் தனியாக இயக்கும் துணிவு எங்களில் பலருக்கு வரவில்லை.

இன்னொரு வருத்தம், பயிற்சி முழுவதும் ஒரே நிறுவனத்தின் பொருட்களையே பயன்படுத்தியது. அந்த கிரீம்களும் மாஸ்க்குகளும் தரமானவையே. ஆனால் "எண்ணெய்ப் பசைத் தோலுக்கு இந்தப் பச்சை டப்பா" என்று கற்றவர், வேறு பொருள் வைத்திருக்கும் ஸ்பாவுக்குப் போனதும் திகைத்து நிற்கிறார். டப்பாவின் பின்னால் இருக்கும் மூலப்பொருள் பட்டியல், அதிக அளவில் உள்ளதில் தொடங்கி இறங்குவரிசையில் அமையும் என்பதையும், 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதையும் நான் வேலைக்கு வந்த பிறகு சக தெரபிஸ்ட் ஒருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பிற்பகல் வகுப்பில் சொல்லிவிடக்கூடிய செய்தி இது.

சான்றிதழைப் பொறுத்தவரை, படிப்பு எந்த அமைப்பின் தேர்வுக்குத் தயார் செய்கிறது, அதற்கு எத்தனை மணி நேரப் பயிற்சி கட்டாயம் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. 1946-இல் தொடங்கப்பட்ட சர்வதேச அமைப்பான சிடெஸ்கோ, தன் அழகுச் சிகிச்சைப் பட்டயத்துக்குக் குறைந்தது 1,200 மணி நேரப் பயிற்சியை எதிர்பார்க்கிறது. சில நாள் வகுப்புக்குப் பின் "சர்வதேசச் சான்றிதழ்" தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். தொழில் உரிமம் கட்டாயமா என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால், வேலை செய்யப்போகும் இடத்தின் விதியை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தோலைப் பற்றியும் உடலைப் பற்றியும் பொறுமையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இப்படிப்பட்ட முழுநேரப் படிப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மணப்பெண் மேக்கப் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது நீளமாகத் தோன்றலாம். அவர்களுக்குத் தனி வகுப்புகள் உள்ளன. சேர்வதற்கு முன் வெளியாட்கள் வரும் பயிற்சி நாள் ஒன்றில் அங்கே சென்று உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மாணவிகள் படிவத்தை எப்படி நிரப்புகிறார்கள், வேக்ஸ் பாத்திரத்துக்குள் ஸ்பாட்டுலா எத்தனை முறை போகிறது, ஒரு கருவிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அனுமதி மறுத்தால், வேறு நிலையத்தைப் பாருங்கள்.