லூசர்ன், ரிகி மலைக்குத் தனியாகப் போகிறவர்கள் கவனத்துக்கு: இலவசத்துக்கும் பில் போடுகிறார்கள்

சுவிட்சர்லாந்துக்குத் தனியாகக் கிளம்புகிறீர்களா? ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். ஏரிக்கரையில் இருக்கும் பழைய லூசர்ன் நகரம், பக்கத்திலேயே ரிகி மலை உச்சி. இரண்டையும் சேர்த்து ‘சோலோ பேக்கேஜ்’ என்று ஒரு டிராவல் ஏஜென்சியில் வாங்கினேன். புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயர் வேண்டாம். ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பில்லில்தான்.

விற்கும்போதே பயமுறுத்தித்தான் விற்றார்கள். “தனியாப் போறீங்க மேடம், அங்க ஜெர்மன்தான் பேசுவாங்க. கவுன்டர்ல க்யூ நிக்கும், மலை மேல கடைசி ரயிலை விட்டா கஷ்டம். எல்லாத்தையும் நாங்களே புக் பண்ணிடறோம்.” கூட வருகிறவர் யாரும் இல்லாதபோது இந்தப் பேச்சு நன்றாகவே வேலை செய்யும். அப்படித்தான், அந்த நாட்டு ரயில், பஸ், படகுகளுக்கு ஒரே டிக்கெட்டாக இருக்கும் சுவிஸ் டிராவல் பாஸுக்கு மேல், ‘ரிகி உச்சி டிக்கெட்’, ‘நகரப் போக்குவரத்து அட்டை’, ‘நுழைவுக் கட்டணங்கள்’, ‘ஏர்போர்ட் டிரான்ஸ்ஃபர்’ என்று பில் நீண்டது.

லூசர்ன் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. அங்கே படகு ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ரிகி மலையடிவாரத்தில் இருக்கும் ஃபிட்ஸ்நாவ் வந்துவிடும். 1871-ல் ஐரோப்பாவின் முதல் மலை ரயில் ஓடத் தொடங்கியது இங்கிருந்துதான். இன்றும் பற்சக்கரத்தால் பல் வைத்த தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண்மணி என் வவுச்சரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். க்யூஆர் கோடு இல்லை, ரயில் நிறுவனத்தின் முத்திரை இல்லை. ஏஜென்சி லோகோவும் என் பெயரும் தேதியும், அடியில் ‘பணம் திரும்பக் கிடைக்காது’ என்ற வரியும் மட்டும்தான். “இது எங்கள் டிக்கெட் இல்லையே” என்றவர், என் கையில் இருந்த பாஸைப் பார்த்துவிட்டு, “இது இருக்கும்போது டிக்கெட் எதற்கு? நேராகப் போய் ஏறுங்கள்” என்றார். தெளிவான ஆங்கிலத்தில்.

சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் ரிகி ரயில்கள் முழுக்க இலவசம். வந்த படகும் அதே பாஸில்தான். அதாவது 70 பிராங்குக்கு மேல் வாங்கிக்கொண்டு அவர்கள் டிக்கெட்டே எடுக்கவில்லை. பிலாட்டஸ், டிட்லிஸ் மலைகளுக்கு இந்தப் பாஸில் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும். ‘மலைக்கெல்லாம் தனியாகக் காசு’ என்று பலரும் கேள்விப்பட்டிருப்பதால் ரிகிக்கும் பில் போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. விளையாட்டு நடப்பதே இந்த இடத்தில்தான்.

உச்சி 1,798 மீட்டர். கீழே ஏரி மொத்தமும் மூடுபனிக்குள், மேலே கண் கூசும் வெயில். இலையுதிர் காலத்தில் அங்கே இது சகஜமாம். நகரத்தில் மூட்டமாக இருக்கிறதே என்று பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். உச்சியில் வைத்திருக்கும் கேமராவை இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். பாஸ் செல்லுபடியாகும் எந்த நாளும் போகலாம் என்பதால், தேதி குறித்த வவுச்சரே தேவையில்லை.

இறங்கும் வழியில் பில்லை வரி வரியாகப் பார்த்தேன். ஏர்போர்ட் டிரான்ஸ்ஃபர் என்றால் கார் வரும் என்றுதானே நினைப்போம்? சூரிக் விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து லூசர்னுக்கு நேரடி ரயில், அதுவும் பாஸில் அடக்கம். அந்த ரயிலின் நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்குத்தான் அந்தக் கட்டணம். நகரப் போக்குவரத்து அட்டையை, லூசர்னில் தங்குகிற எல்லோருக்கும் ஹோட்டலிலேயே சும்மா தருகிறார்கள்.

நுழைவுக் கட்டணம்தான் உச்சம். சேப்பல் பாலம் என்பது ராய்ஸ் ஆற்றைக் கடக்க 14-ம் நூற்றாண்டில் கட்டிய மரப்பாலம். 1993-ல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்து, மறுபடி கட்டினார்கள். கூரைக்கடியில் கருகிப்போன ஓவியப் பலகைகளை இன்றும் பார்க்கலாம். காய்கறிப் பையோடு உள்ளூர்க்காரர்கள் கடந்து போகிற நடைபாலத்துக்கு எந்த ஊரில் டிக்கெட்? 1792-ல் பாரிஸில் மாண்ட சுவிஸ் காவல்படை வீரர்களுக்காகப் பாறையில் செதுக்கிய சிங்கத்துக்கும் கட்டணம் கிடையாது. பில்லில் இரண்டுக்கும் தனித்தனியாகத் தொகை இருந்தது.

இன்னொன்று, ‘தனியாள் கூடுதல் கட்டணம்’. குழுப் பயணத்தில் இரண்டு பேர் அறையை ஒருவரே எடுத்துக்கொண்டால் அது நியாயம். எனக்குக் குழுவே இல்லை. கொடுத்ததும் ஒற்றைக் கட்டில் போட்ட சின்ன அறை. எதற்குக் கூடுதல் என்று கேட்டால் “அது சிஸ்டம்ல வர்றது மேடம்” என்கிறார்கள்.

வெளிநாட்டுப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போதே பிடிக்கும் வருமான வரியான டிசிஎஸ் மட்டும் என் பான் எண்ணில் ஒழுங்காக ஏறியிருக்கிறது. அந்த ஒன்றில் நேர்மை. நீங்களும் வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் வரிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் ஒவ்வொரு வரிக்கும் அசல் டிக்கெட்டைக் கேளுங்கள். ‘பேக்கேஜ் விலையைப் பிரித்துச் சொல்ல முடியாது’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கனவே மாட்டியிருந்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். வவுச்சர், பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் நானும் அங்கே கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஏஜென்சியிலிருந்து ‘அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம்’ என்று ஒரு தள்ளுபடிக் கூப்பன் வந்தது. அதையும் புகாரோடு சேர்த்து அனுப்பிவிட்டேன்.